மூச்சுப் பட்டால் மறையும் நீலம்

எண்ணூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செங்கொடிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். என் போனையும் அவர்தான் வைத்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் பெங்களூருக்கு வரும் கூரியரில் உன் ஆராய்ச்சிக்கான நீலக் கண்ணாடித் துண்டுகளோடு இதையும் வைக்கிறேன். மூன்றுக்கு இரண்டுதான் இருக்கும். பதறாதே, சொல்கிறேன்.

நீ சொன்னபடி மூன்றையும் மொட்டைமாடித் தொட்டிமேல் வைத்தேன். நீலம் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும், உப்புக்காற்றும் அனல்மின் நிலையச் சாம்பலும் படியட்டும், துடைக்கவே கூடாது என்றாய். எழுந்ததும் ஈரத்துணியோடு சாம்பல் துடைக்கிற ஊரில் இதைச் சொல்லிவிட்டுப் போனாய்! நான் கையை அடக்கிக்கொண்டேன். அப்பாவால் முடியவில்லை. மூக்குக்கண்ணாடிக்குச் செய்வதுபோல 'ஹா' என்று ஊதி, ஒன்றைப் பனியனால் தேய்த்துவிட்டார். கோடு விழுந்துவிட்டது.

ஆனால் ஊதியதும் அதன் நீலம் மறைந்ததையும், ஈரம் காய்ந்ததும் திரும்பி வந்ததையும் பார்த்துவிட்டார். அதில் சாயமே இல்லை, தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு பருமனில் தூண்கள் நிற்கின்றன, அவைதான் வெளிச்சத்தில் நீலத்தை மட்டும் திருப்பி அனுப்புகின்றன, இடையில் ஈரம் புகுந்தால் அது நடக்காது என்று நீ சொன்னதை எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். "இன்னாமே கதை வுடுற, எம்பொண்ணு மந்திரம் பண்ணிகீறா" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அன்றிலிருந்து அதை ஜன்னலில் வைத்துக்கொண்டு தினமும் ஊதுகிறார். முதலில் கண்ணாடி முழுக்க நீலம் மறைந்தது. இப்போது நடுவில் காசளவுதான் மறைகிறது. இருமலுக்குப் பயந்து மெல்ல ஊதுகிறார் என்று நினைத்துக்கொள்கிறேன். வேறு விதமாக நினைக்க எனக்குத் துணிவில்லை.

அப்பாவுக்கு லீவு என்று சொன்னேனே, அது லீவு இல்லை. நிலக்கரி யார்டில் படியேற முடியாமல் உட்கார்ந்துவிட்டார், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குழாயில் ஊதிப் பார்க்கிற சோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். "நா இன்னா பலூன் விக்கிறவனா, ஊதிக்கினு கெடக்க?" என்று மறுக்கிறார். உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

நீ அவரைக் கூப்பிடு. அழாதே, திட்டாதே. கண்ணாடியில் ஊதியவரின் மூச்சு எவ்வளவு என்று உன் ஆராய்ச்சிக்குத் தெரிய வேண்டும், ஆஸ்பத்திரியில் ஊதி, அங்கே தரும் தாளை அனுப்புங்கள் என்று கேள். நான் சொன்னால் கேட்கமாட்டார். உன் வேலைக்கென்றால் சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் நடப்பார்.

கோடு விழுந்த கண்ணாடியைத் தரமாட்டேன் என்கிறார். இருக்கட்டும். மற்ற இரண்டும் இந்த ஊர்க் காற்றைத் தாங்கியிருக்கட்டும் கண்ணு. கூரியர் கைக்கு வந்ததும் கூப்பிடு.

உன் அம்மா,
ரமாபாய்