ஒரு டம்ளரோடு நிறுத்தியவளுக்கு

மகாராணிக்கு,

கடைக்குக் கிளம்புகிறேன். சாவி மீட்டர் பெட்டி மேல் இருக்கிறது. தர்பூசணி நறுக்கி ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். சமாதானத் தூது என்றே வைத்துக்கொள்.

நேற்று மொட்டை மாடி வெயிலில் உங்கண்ணன் மறுபடி பீர் ஊற்ற வந்தபோது, "போதும்ண்ணா" என்றாயே! அவரும் உடனே பாட்டிலோடு நகர்ந்துவிட்டார். அசந்துபோனேன். முப்பது வருஷத் துணி வியாபாரத்தில், முதலில் சொன்ன விலையை எவரும் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. நானோ "இன்னும் ஒண்ணுதான் மாப்ளே" என்றதற்கெல்லாம் படிந்து, தொட்டியோரம் மயங்கி விழுந்தேன். முகத்தில் தண்ணீர் தெளித்த உன்னையே திட்டினேன். தப்புதான்.

மதியம் உங்கண்ணன் பீர் பெட்டியோடு மறுபடி வருகிறாராம். நானும் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன். பானையில் தண்ணீர் நிரப்பியாயிற்று.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: கண்ணாடி முன் நின்று "போதும் மச்சான்" சொல்லிப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. நான் சொல்லும்போது பக்கத்தில் நில்.