ஹல்வா டப்பாவில் வந்த மாத்திரைகள்

முதியோர் இல்லம், ஸ்ஃபாக்ஸ்
1 மார்ச் 1993

அன்புத் தங்கை ஸகியாவுக்கு,

நீ மார்சேயிலிருந்து அனுப்பிய ஹல்வா டப்பா போன வாரம் வந்தது. பார்சல் கனக்கக் கூடாதென்று சர்க்கரை மாத்திரை, மூட்டுவலி மாத்திரை எல்லாவற்றையும் உறையிலிருந்து பிதுக்கி ஒன்றாகக் கொட்டியிருந்தாய். நானும் செவிலி ராதியாவிடம் கொடுக்காமல் அலமாரியில் ஒளித்துவிட்டேன். நேற்று நோன்பு பிடிக்கும் முன் அறைத்தோழர் ஹாதி, "முட்டி உயிர வாங்குதுப்பா" என்றார். ரமலானில் பக்கத்து வீட்டுக்குத் தட்டு அனுப்பியே பழகிய கை. இரண்டு எடுத்துக் கொடுத்துவிட்டேன். சர்க்கரை நோயே இல்லாத மனிதருக்குச் சர்க்கரை மாத்திரை! முற்பகலில் வியர்த்துச் சாய்ந்துவிட்டார். ராதியாதான் ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீர் புகட்டி மீட்டாள்.

ஹாதி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் மகன்களோ ராதியாதான் மாற்றிக் கொடுத்தாள் என்கிறார்கள். ராதியாவா! பூட்டிய அலமாரியில் ஆளுக்கொரு மாத்திரைப் பெட்டி, அதில் பெயர், படம், வேளை. பெயரைக் கேட்டுச் சரிபார்க்காமல் யாருக்கும் தரமாட்டாள். நோன்பு வந்ததும் நாற்பது பேருக்கும் வேளையை மாற்றி எழுதி ஒட்டியவள். 16ஆம் தேதி இயக்குநர் முடிவு சொல்வார். அவள் வேலை போய்விடும். நான் வாய் திறந்தால் என்னை வெளியே அனுப்புவார்கள். வெட்கமாக இருக்கிறது.

உன் அண்ணன்,
அம்மார்

மார்சே
8 மார்ச் 1993

அண்ணா,

நோன்பு திறந்தும் சாப்பாடு இறங்கவில்லை. பிதுக்கிக் கொட்டிய கை என்னுடையது. இந்த வயதில் எங்கே போவீர்கள்? இங்கே அழைத்துக்கொள்ள விசாவும் கிடைக்காது. ஒரு வார்த்தை பேசாதீர்கள். ராதியா விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஸகியா

ஸ்ஃபாக்ஸ்
17 மார்ச் 1993

அன்பு ஸகியா,

உன் பேச்சைக் கேட்கவில்லை. நேற்று டப்பாவை இயக்குநர் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இழுப்பறையிலிருந்து உன் கடிதத்தை எடுத்தார். அண்ணனிடம் வைட்டமின் என்று பொய் சொன்னேன், தவறெல்லாம் என்னுடையது என்று எழுதியிருக்கிறாய்!

"ரெண்டு பேர்ல யாரு பொய் சொல்றீங்க?"

"தங்கச்சிதான்" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக உன்னைக் காட்டிக்கொடுத்தேன்.

ஹாதியின் மூத்த மகன் ராதியாவிடம் மன்னிப்புக் கேட்டான். அவள் என்னைக் காட்டி இயக்குநரிடம், "பெரியப்பா எங்கயும் போக வேண்டாம் சார். அவரு அலமாரிய மட்டும் வாரா வாரம் நான் தொறந்து பாக்கறேன்" என்றாள். அவரும் சம்மதித்தார்.

அழுவாள் என்று நினைத்தேன். அவளோ கடிகாரத்தைப் பார்த்தாள். நோன்பு திறந்ததும் என் மாத்திரைப் பெட்டியோடு வந்து நின்று, எப்போதும்போல, "உங்க பேரச் சொல்லுங்க" என்றாள். ஆறு வருடமாக என்னைத் தெரிந்தவள். "அம்மார்" என்று சொல்வதற்குள் எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

உன் அண்ணன்,
அம்மார்