செவ்வாய்க்கிழமை ஓவிய வகுப்பில் தெரிந்தது

கரகண்டா,
8 அக்டோபர் 2019

அன்பு மகள் இரேனாவுக்கு,

மருமகன் அனுப்பிய ஆப்பிள்கள் அடிபடாமல் வந்தன. அவருக்கு என் நன்றியைச் சொல். உனக்குச் சொல்ல என்னிடம் நன்றி இல்லை.

மனதுக்கு நல்லது என்று மருத்துவமனை ஓவிய வகுப்பில் என்னைச் சேர்த்தாயே, இன்று போனேன். ஆசிரியை ஸவ்ரே தூரிகைகளைக் கொடுத்துவிட்டு, "நாம எல்லாரும் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்தவங்க. அந்த நாளெல்லாம் எப்படி இருந்துச்சோ, அப்படியே வரைங்க" என்றாள். அறை மாறி வந்துவிட்டேன் என்று சொல்லி எழுந்தேன். எனக்குக் கர்ப்பப்பையில் வெறும் சதை வளர்ச்சிதான் என்றும் சொன்னேன்; நீ சொன்னது அதுதானே.

கதிர் சிகிச்சையின்போது என்னோடு வார்டில் இருந்த ராய்சா பக்கத்து இருக்கையில் சிரித்தாள். "சதை வளர்ச்சிக்கா அஞ்சு வாரம் கதிர் வெச்சாங்க, யாத்விகா? உக்காரு. எனக்கும் என் பையன் அதத்தான் சொன்னான்."

புண் ஆறத்தான் கதிர் என்றாய். நம்பினேன். மதத்துக்குத் தடை இருந்த என் சிறுவயதில், ஊருக்குத் தெரியாமல் எங்களுக்கு வேதபாடம் சொன்ன கன்னியாஸ்திரீகள் ஒரு பொய்க்கு ஒரு மணி நேரம் முழங்காலில் நிற்க வைப்பார்கள். உன்னையும் அப்படித்தான் வளர்த்தேன்.

தாளை வெறுமையாகவே திருப்பிக் கொடுத்தேன். எனக்குத் தெரியாமல் எனக்கு நடந்ததை நான் எப்படி வரைவது?

பதிலைக் கடிதத்தில் எழுது. தொலைபேசியில் அழுதே தப்பித்துவிடுவாய்.

அம்மா

அல்மாட்டி,
17 அக்டோபர்

என் அன்பு அம்மா,

மருத்துவர்தான் என்னைத் தனியே அழைத்து, சொன்னால் நீங்கள் உடைந்துபோவீர்கள் என்றார். இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தானே செய்கிறார்கள்? உங்களை இழந்துவிடுவேனோ என்று பயந்தேன். பிழைத்துவிட்டீர்கள் அம்மா, அதற்காகவாவது மன்னிக்கக் கூடாதா? சென்ற மாதப் பரிசோதனை முடிவையும் என்னிடம் சொல்லிவிட்டார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது. வகுப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

முத்தங்களுடன்,
இரேனா

கரகண்டா,
6 நவம்பர்

இரேனா,

எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறாய். அன்றும் இதையேதான் சொன்னாய். உண்மையிலேயே நன்றாக இருந்தாலும் அதைக் கேட்டு மகிழ முடியாதபடி செய்துவிட்டாய்.

வகுப்பை விடவில்லை. ஒரு கண்ணாடிக் கதவு வரைந்தேன். அந்தப் பக்கம் மேசையைச் சுற்றி நீ, உன் கணவர், மருத்துவர். இந்தப் பக்கம் நான். "அழகா வரலன்னாலும் பரவால்ல அம்மா" என்றாள் ஸவ்ரே. "உனக்குப் பரவால்ல, எனக்கு அப்படி இல்ல" என்று மேசைக் கால்களைத் திருத்தினேன். "சரி, இந்தக் கதவ யாரு தொறக்கணும்?" என்று கேட்டாள்.

தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு நேரே மருத்துவர் அறைக்குப் போய், பரிசோதனை முடிவைக் கேட்டேன்.

"மககிட்ட சொல்லியாச்சேம்மா. வீட்டு ஆளுங்ககிட்டதான் சொல்றது வழக்கம்."

"வயிறு வீட்டு ஆளுங்களோடதா? என்கிட்ட சொல்லுங்க."

சொன்னார். இனி என்னிடம் மட்டுமே சொல்ல வேண்டும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

அவர் சொன்னதை இதில் எழுதப்போவதில்லை. ரயிலேறி வா. எதிரில் உட்கார்ந்து கேள். உன்னிடம் நான் பொய் சொல்லமாட்டேன்.

உன் அம்மா,
யாத்விகா