பேஜாரா கீது

ஆகஸ்ட் 5, செவ்வாய்
உத்திரமேரூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஹவுஸ் சர்ஜனாக வந்து பன்னிரண்டு நாள். தினமும் ஒரு நோயாளியைப் பற்றி இ-போர்ட்ஃபோலியோவில் ஏற்ற வேண்டும்: என்ன பார்த்தேன், என்ன கற்றேன். காலேஜில் இருக்கும் மென்டர் ஒப்புதல் தந்தால்தான் பயிற்சி முடியும். பன்னிரண்டுக்கும் ஒரே பதில்தான்: 'குட். கீப் இட் அப்.' என் திருநெல்வேலிப் பேச்சைக் கேட்டு இங்கே சிரிக்கிறார்கள். குவார்ட்டர்ஸில் எனக்குத் துணை அந்த 'குட்' மட்டும்.

ஆகஸ்ட் 6
முனியன், ஐம்பத்தெட்டு வயது, கூலி வேலை. "ரெண்டு நாளா ஒரே பேஜாரா கீதும்மா" என்று நெஞ்சைத் தடவினார். மெடிக்கல் ஆபீசர் மீட்டிங் போயிருந்தார். பேஜார் என்றால் மனக்கஷ்டம்தானே? கால் மணி நேரம் ஆறுதல் சொல்லி அனுப்பினேன். 'நோயாளியிடம் பேசும் விதம்' என்று தலைப்புக் கொடுத்து ஏற்றினேன். பெருமையாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 7
முனியனை ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். சட்டையெல்லாம் வியர்வை. ஈசிஜி எடுத்தால் — மாரடைப்பு. 108 வந்து செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனது. அவர் மனைவி செங்கேணி கேட்டார்: "நேத்தே வந்து சொன்னாரேம்மா?"

கூறுகெட்ட கழுத, என்னையத்தான் சொல்லுதேன். நெஞ்சத் தடவுன மனுசன்ட்ட 'எங்க'ன்னு ஒரு வார்த்த கேட்டியா நீ?

நேற்றைய பதிவுக்குப் பதில் வந்திருக்கிறது. குட். கீப் இட் அப்.

ஆகஸ்ட் 9
பிழைத்துவிட்டாராம். நர்ஸ் செவ்வந்தி அக்கா விசாரித்துச் சொன்னார். இந்தப் பக்கம் உடம்புக்கு முடியாவிட்டாலும் பேஜார்தானாம். அறைக்கு வந்து அழுதேன்.

ஆகஸ்ட் 10
உள்ளதை எழுதினால் பயிற்சியை நீட்டிவிடுவார்களோ? டைப் அடித்தேன், அழித்தேன். மறுபடி அடித்தேன்.

ஆகஸ்ட் 11
ஏற்றிவிட்டேன். 'தப்பு என்னுடையது. அவர் செத்திருப்பார்.' யாராவது திட்டட்டும்.

ஆகஸ்ட் 14
பதில். குட். கீப் இட் அப்.

சவத்த, ஒருத்தரும் படிக்கவே இல்ல. தப்பிச்சேன்னு சந்தோசப்படணுமாக்கும்?

ஆகஸ்ட் 25, திங்கள்
முனியன் மாத்திரை வாங்க வந்தார். அவரிடமே என் தப்பைச் சொன்னேன். "நீயும் கேக்கல, நானும் சொல்லல. வுடும்மா" என்றார். செங்கேணி என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 28
யார் பேஜார் என்றாலும் "எங்க?" என்று கேட்கிறேன். ஓ.பி. முழுக்கக் கிண்டல்.

இன்று செவ்வந்தி அக்கா நாஷ்டா டப்பாவைத் திறந்துகொண்டே, "இன்னா டாக்டரம்மா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றார்.

"பேஜாரா கீதுக்கா."

அவர் சிரிக்கவில்லை. டப்பாவை மூடிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"எங்க?" என்று கேட்டார்.