நீ ஏறாத கப்பல்

என் உயிரான அண்ணே,

நேற்று உன் காரியம் முடிந்தது. டெலானிபூர் குவார்ட்டர்ஸில் உன் கட்டில் அப்படியே கிடக்கிறது. அழுது அழுது கண் வீங்கிவிட்டது எனக்கு. ஆனாலும் உன்மேல் கோபம் தீரவில்லை. செத்துப்போனவனிடம் சண்டை போடுகிறவள் இந்தத் தீவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கல்யாணமாகி நான் அந்தமானுக்குப் புறப்பட்டபோது அம்மா, "கடல் தாண்டிப் போறவ எனக்கு மகளே இல்ல" என்றாள். பின்னாலேயே வேலை தேடி வந்த உன்னோடு பேசினாள், என்னோடு பேசவில்லை. பிறகொரு நாள் தந்தி வந்தது, அம்மாவுக்கு முடியவில்லை என்று. எனக்கு நிறைமாதம். உன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "அண்ணே, மரகதம் மன்னிப்புக் கேட்டான்னு அம்மா காதுல சொல்லிரு." தந்தியில் எழுதுகிற சொல்லா அது?

கப்பல் நாளன்று மாலையில் ட்ரங்குப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றாய்.

"ஏண்ணே, கப்பல் போகலியா?"

"போயிருச்சு தாயி. நான்தான் ஏறல."

கப்பல் ஏறும் ஜெட்டியில் ஒரு வங்காளிப் பெண், காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு "பையா, பையா" என்று இந்தியில் எல்லோரையும் அண்ணனாக அழைத்துக் கெஞ்சினாளாம். மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குப் போனால்தான் பிள்ளை பிழைக்கும். கப்பலிலோ இடமில்லை. உன் இடத்தை அவளுக்கு எழுதச் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாய்.

அடுத்த கப்பல் வருவதற்குள் அம்மா போய்விட்டாள். சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான்.

அதன்பின் ஒவ்வொரு கப்பல் நாளும் உன்னைக் குத்திக் காட்டினேன்.

"அந்தப் புள்ள பொழச்சுச்சா?"

"தெரியலம்மா."

"விசாரிக்கக்கூடத் தோணலியாண்ணே?"

"அந்தப் பொண்ணு கேட்டுச்சு, குடுத்தேன். அதோட முடிஞ்சுது."

பலனை எதிர்பார்க்காமல் செய்வதைத்தான் பகவான் சொன்னார் என்று என் வீட்டுக்காரர் உனக்காகப் பரிந்து பேசுவார். சரி, நீ பலன் கேட்கவில்லை. ஆனால் நீ கொடுத்ததில் பாதி என்னுடையது அல்லவா? என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

அம்மா திதியன்று கடலில் எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டுக் கண் சிவந்து வருவாய். நான் இலை போடுவேன். பேசாமல் பரிமாறிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

உன்னைத் தூக்கும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வங்காளி அம்மாள், வளர்ந்துவிட்ட தன் பிள்ளையோடு வருவாள் என்று என் பைத்தியக்கார மனசு நினைத்தது. யாரும் வரவில்லை. அன்று என் வயிற்றில் இருந்தவன்தான் உனக்குக் கொள்ளி வைத்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன் புண்ணியத்துக்கு இத்தனை வருஷமும் பலன் கேட்டுக்கொண்டிருந்தவள் நான்.

"போகட்டும்ணே" என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம். அம்மா எனக்குச் செய்ததையே நான் உனக்குச் செய்துவிட்டேன். இதை யாரிடம் சொல்லி அனுப்புவேன்?

இந்நேரம் அம்மாவிடம் போய்ச் சேர்ந்திருப்பாய். அன்றைக்கு நான் சொல்லி அனுப்பியதை இப்போதாவது அவள் காதில் சொல்லிவிடு அண்ணே.

இனிமேல் ஜெட்டியில் அந்தப் பிள்ளையின் முகத்தைத் தேட மாட்டேன். அம்மா திதிக்கு உனக்கும் சேர்த்து இரண்டு இலை போடுவேன். இந்தத் தடவை பேசிக்கொண்டே பரிமாறுவேன்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
மரகதம்