பிரஸ்ஸில் வைத்த லேப்டாப்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன், இங்கே நாங்களும் உயிரோடு நலமாக இருக்கிறோம், ஆனால் அது உன் அப்பா செய்த புண்ணியமும் இல்லை, நீ செய்த புண்ணியமும் இல்லை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் வெட்டிவிடுவாய். அதனால்தான் எழுதி, இதைப் படம் பிடித்து இப்போதே அனுப்பும்படி உன் அக்காவிடம் சொல்கிறேன். முழுதும் படி.

எங்களுக்கு நீ வாங்கிக் கொடுத்த லேப்டாப்பில் சார்ஜ் நிற்கவில்லை, பேட்டரியை மாற்றலாமா என்று போன மாதமே கேட்டேன். "ஒயரச் சொருகினா ஓடுதில்ல, முழுசா சாகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றாய். பெரிய மனுஷன் சொல்லிவிட்டான் என்று உன் அப்பாவும் விட்டுவிட்டார். அது சாகவில்லையடா, வீங்கியது. விரலால் தேய்க்கிற இடம் மேலே எழும்பி, மூடியே மூடவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாரா மனிதர்? புத்தகம் பைண்டிங் போடுகிறவருக்கு உலகத்தில் எது உப்பினாலும் வைத்தியம் ஒன்றுதான். மேலே ஒரு அட்டை, கீழே ஒரு அட்டை வைத்து, புத்தகம் அழுத்துகிற பிரஸ்ஸில் லேப்டாப்பைச் சொருகித் திருகிக்கொண்டிருந்தார்! சாப்பிடக் கூப்பிடப் பட்டறைக்குப் போன என் கண்ணில் பட்டது. சுற்றிலும் காகிதக் கட்டுகள். நான் போட்ட கூச்சலில்தான் கையை எடுத்தார். ரிப்பேர்காரர் வந்து பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு திருகு திருகியிருந்தா பட்டறையே எரிஞ்சிருக்கும்மா" என்றார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், "அவன் மூஞ்சி தெரியற பெட்டி, தூக்கிப் போட மனசு வரல" என்று முணுமுணுக்கிறார். சாப்பாடு போடுகிறேன், பேச்சு மட்டும் கிடையாது.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். நேற்று அக்காவின் போனில் உன்னைப் பார்த்தேனே, உன் லேப்டாப்பில் நீ தட்டத் தட்ட உன் படம் ஆடியது. அவள் கேட்டதற்கு, "அடிப்பக்கம் கொஞ்சம் உப்பிக்கிச்சு, பேப்பர மடிச்சு முட்டுக் குடுத்திருக்கேன்" என்று பல்லைக் காட்டினாய். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை! அதையே தலைமாட்டில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிறவன் நீ. இங்கே கூச்சல் போட நான் இருந்தேன். அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள்?

படித்ததும் அணைத்து வை, சார்ஜ் போடாதே, அழுத்திப் பார்க்கிற புத்தி வேண்டவே வேண்டாம், கடையில் கொடுத்து மாற்று. சாகட்டும் என்று காத்திருக்கிற பொருள் இல்லை அது. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். பேட்டரியை மாற்றிவிட்டேன் என்று சொல்லிவிட்டு அப்புறம் என் முகத்தைப் பார். அப்பா கதவோரம் நின்றுகொண்டு, தானும் விசாரித்ததாக எழுதச் சொல்கிறார். எழுதிவிட்டேன்.

கோபம் ஆறாத,
உன் அம்மா