வல்லரசு பெயர் இருந்த பக்கம்

அன்புள்ள கெங்கம்மாளுக்கு,

எழுத்து மேலும் கீழும் ஓடுகிறது, கோபிக்காதே. இந்த வயதில் எழுதப் பழகிய கை இப்படித்தான் எழுதும். திருப்பூரில் நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? பேத்தி ஆர்த்தியை இதை மெதுவாகப் படிக்கச் சொல்.

என்னோடு வேலை செய்யும் கண்டமங்கலத்து ஜெசிந்தா, செல்போனில் இணையக் கலைக்களஞ்சியம் காட்டினாள். நம் வல்லரசு பெருமுக்கல் மலையைப் படமாக வரைந்து அனுப்பி ஜெயித்தானே, அந்த டீ-ஷர்ட் கம்பெனிக்கு அதில் ஒரு பக்கம் இருக்கிறது. ஜனங்கள் படம் அனுப்பியது, ஓட்டுப் போட்டது, ஜெயித்த படங்களை அச்சடித்தது, கம்பெனியை மூடியது எல்லாம் இருக்கிறது. ஜெயித்தவர்களில் அவன் பெயர் மட்டும் இல்லை. யார் வேண்டுமானாலும் திருத்தலாமாம். நானே ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு, "பெருமுக்கல் மலை, வரைந்தவர் பெ. வல்லரசு" என்று சேர்த்தேன். அவன் பெயரை நானாகப் படித்தது அன்றுதான். அவன் உயிரோடு இருந்தபோது எனக்குப் படிக்கத் தெரியாதே. சந்தோஷத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

குடித்து முடிப்பதற்குள் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். திருத்துவதற்குக் காரணம் கேட்ட இடத்தில் "நான் அவனுடைய அப்பா" என்று போட்டிருந்தேன். சொந்தக்காரர் எழுதக் கூடாதாம்.

"இன்னா தாத்தா, அப்பான்னு ஏன் போட்டீங்க? வேற யார்னா எழுதியிருந்தா உட்டிருப்பாங்க" என்றாள் ஜெசிந்தா.

"வேற யாரும்மா எழுதப் போறாங்க?" என்றேன்.

நீ மனசில் வைத்துக்கொள்ளாதே. யாராவது இந்தப் பக்கம் வந்தால் வறுத்த மல்லாட்டை கொடுத்தனுப்பு, இங்கே நிலக்கடலை என்று விற்பதில் அந்த ருசி இல்லை. அவன் போர்வையையும் அனுப்பு, இங்கே குளிருகிறது.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த வாரம் உனக்கும் எழுதுவேன், அந்தப் பக்கத்திலும் எழுதுவேன். எடுத்துவிடுவார்கள். அதற்குள் ஒரு தடவை படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
பெரியதம்பி